ஓடின கதையும் நின்ற கதையும்

மன்னாரில் இப்ப காரின் பிறேக் பாட் தேய்ஞ்சால் முற்றத்திலேயே மாத்திப்போடுறம். ஜக் வைத்து, சில்லைக் கழற்றி, பிஸ்டனைப் பின்தள்ளி, புதுசைப் பொருத்தவேணும். பழசு குப்பைக்கு.

1990இல் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள்மேல் அரசு பொருளாதாரத் தடை போட்டபோது மடு, அடம்பன் பக்கமும் அகப்பட்டது. பெற்றோல் இல்லாமல் வடக்கில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடின கதையை எல்லாரும் சொல்லுவினம். நின்ற கதையை ஆர் சொன்னது?

அவற்றுக்கு டிரம் பிறேக். லைனர் தேய்ந்தாலும் பிறேக் சூவை எறியத் தேவையில்லை. அதிலேயே வேறு லைனரை றிவெற் அடித்தால் காணும். ஆனால் அந்தக் கால லைனர்களில் அஸ்பெஸ்டோஸ் கலந்திருந்தது. மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தைப் புகழுற நாங்கள், ஊதித் தட்டின தூசி யாருடைய நெஞ்சுக்குள் போனதெண்டு கேட்டதில்லை.

பழைய டிரம்மைத் திறந்தால் ஊதாதேங்கோ, ஈரத்துணியால் துடையுங்கோ.