பத்துத் தொட்டிக்காரர்களின் ஊர்

ஜப்பானியர் மேப்பிள் மரத்துக்கு வைத்திருக்கும் பெயர்களில் ஒன்று 'கயேதே'. தவளைக் கை என்று அதற்குப் பழம் பொருள். இலையைப் பார்த்தால், பெயர் வைத்தவனுக்குக் கண் இருந்தது என்று ஒப்புக்கொள்வீர்கள். காட்டில் இருபது முப்பது அடி உயரும் இந்த மரத்தை ஒரு சிறு தொட்டியில் முழ உயரத்துக்கு நிறுத்துகிறார்கள். பட்டினி போட்டுக் குறுக்குகிறார்கள் என்று நம்மில் பலர் நினைப்பது வீண் பழி. பட்டினி போட்டால் மரம் சாகும். குறுக்குவது கத்தரிக்கோல்.

இளங்கன்றில் முதல் வேலை அடிமரத்தைப் பருக்க வைப்பது. அதற்காகக் கீழே ஒரு கிளையை மட்டும் இஷ்டம்போல் ஓட விடுவார்கள். சில வருஷங்கள் அது தன்பாட்டுக்கு நீண்டு தழைத்து அடிமரத்தை ஊட்டி வளர்க்கும். அடி பருத்ததும் அந்தக் கிளையை ஒட்ட வெட்டிக் காயத்துக்குப் பசை பூசிவிடுவார்கள். உழைத்த கிளைக்கு அதுதான் சம்பளம்! கதை எழுதுகிறவனுக்கு இங்கே சில குடும்பங்கள் ஞாபகம் வரும், சொல்லாமல் விடுகிறேன்.

வசந்தத்தில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். முதல் ஜோடி பிரியும்போதே நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். அசந்துவிட்டால் கணுவிடை நீண்டுவிடும். நீண்டது திரும்பக் குறுகாது. கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய பட்டையாதலால் சில வாரங்களிலேயே கம்பி பதிந்து தழும்பாகிவிடும். கோடையில் ஒரே ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் இலை கருகும். ஆகவே இந்தக் கலைக்குக் கத்தரிக்கோலைவிட முக்கியமாக வேண்டியது ஆள். அவனுக்குப் பின் இன்னோர் ஆள். அப்படிப்பட்டவர்கள் கூடி ஓர் ஊரையே உண்டாக்கினார்கள்.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி, நண்பகலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் டோக்கியோ வட்டாரம் குலுங்கியது. அடுப்பெரியும் வேளை, பூகம்பம் விட்டதைத் தீ முடித்தது. மாண்டவர்கள் லட்சத்துக்கும் மேல். நகரின் தாங்கோசாக்கா மேட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்த குள்ள மரக்காரர்கள், இனி இந்த நெரிசல் மரத்துக்கு ஆகாது என்று முடிவு செய்தார்கள். வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஓமியா. நல்ல மண், நல்ல தண்ணீர், விசாலமான இடம். 1925இல் குடியேற்றம் தொடங்கியது.

அங்கே வீடு கட்ட வருகிறவர்களுக்கு அவர்கள் விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் பத்துத் தொட்டி மரமாவது வைத்திருக்க வேண்டும். வாசல் ஊராருக்குத் திறந்திருக்க வேண்டும். மாடி கட்டக் கூடாது. மதில் கூடாது, உயிர்வேலிதான். பணம் எவ்வளவு, குலம் என்ன என்று கேட்காமல் எத்தனை தொட்டி என்று கேட்ட ஊர் வேறு எங்காவது உண்டா? மாடி கூடாதென்றது எனக்கு மிகவும் பிடித்த விதி. அடுத்தவன் மரத்துக்கு வெயில் மறையாது. அடுத்தவன் தோட்டத்தை மேலிருந்து பார்க்கவும் முடியாது.

1930களின் நடுவில் தோட்டங்கள் முப்பது வரை பெருகின. பிறகு யுத்தம் வந்தது. சோற்றுக்கே பஞ்சமான காலத்தில் தொட்டி மரம் ஆடம்பரமாகிவிட்டது. தண்ணீர் ஊற்ற வேண்டிய கைகள் துப்பாக்கி ஏந்தப் போயின. மூடிய தோட்டங்கள் பல. தாத்தா கிள்ளி, தகப்பன் கிள்ளி வளர்த்த மரம் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது என்பதை நினைத்துப் பாருங்கள். எஞ்சியவர்கள் எஞ்சிய மரங்களோடு காலம் தள்ளினார்கள். யுத்தம் முடிந்ததும் உயிர்வேலியைத் தாண்டி வந்து ஆசையோடு பார்த்தவர்களில் ஜெயித்த அமெரிக்கர்களும் இருந்தார்கள். வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்ற விதியில் விரோதிக்கு விலக்கு எழுதியிருக்கவில்லை.

உலகக் குள்ள மர மாநாடு முதன்முதலாக 1989இல் ஓமியாவில்தான் கூடியது. 2010இல் அங்கே ஓர் அரும்பொருட்காட்சியகமும் வந்தது. தோட்டங்கள் மட்டும் இப்போது பத்துக்கும் குறைவு. தெருக்களுக்கு மரங்களின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தவளைக் கைத் தெரு.