ஆயுதம் ஏந்திய தீர்க்கதரிசி

1498 மார்ச் தொடக்கத்தில், ஃபிளாரன்ஸ் நகரின் சான் மார்க்கோ தேவாலயத்தில் டொமினிக்கத் துறவி ஜிரோலாமோ சவொனரோலா யாத்திராகமத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார். எகிப்தியன் ஒருவனை மோசே அடித்துக் கொன்ற இடத்துக்கு வந்ததும், அந்த எகிப்தியன் தீயவர்களைக் குறிக்கிறான் என்றும், அவர்களுடைய குற்றங்களை அம்பலமாக்கி வீழ்த்தும் போதகரே மோசே என்றும் விளக்கினார். அவருடைய மோசேயின் கையில் இருந்தது சொல் மட்டும்தான். 28 வயது நிக்கோலோ மாக்கியவெல்லி மார்ச் 9 அன்று எழுதிய கடிதத்தில் இந்த விளக்கத்தைக் குறிப்பிட்டு, காலத்துக்கேற்பத் தம் பொய்களுக்கு நிறம் பூசுகிறவர் இவர் என்று முடித்தார். ஏப்ரல் 8, குருத்தோலை ஞாயிறன்று கூட்டம் சான் மார்க்கோ மடத்தைத் தாக்கியது. மே 23 அன்று நகர அரசின் அரண்மனைச் சதுக்கத்தில் துறவியைத் தோழர்கள் இருவரோடு தூக்கிலிட்டு எரித்தார்கள். சாம்பலை ஆர்னோ நதியில் கரைத்தார்கள். சில வாரங்களில் மாக்கியவெல்லி அதே அரண்மனையில் செயலர் பதவியில் அமர்ந்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய 'இளவரசன்' நூலின் ஆறாம் அதிகாரத்தில் மோசே மீண்டும் வருகிறார், சைரஸ், ரோமுலஸ், தீசியஸ் ஆகியோரின் வரிசையில் முதல் ஆளாக. ஆயுதம் ஏந்திய தீர்க்கதரிசிகள் வென்றார்கள், ஏந்தாதவர்கள் அழிந்தார்கள் என்கிறார். அழிந்தவருக்குச் சான்று சவொனரோலா. சவொனரோலாவின் பிரசங்க மேடையில் கேட்ட மோசேக்கான மறுமொழியாகவே மாக்கியவெல்லியின் மோசே உருவானார் என்பது என் வாதம்.

இதை மறுப்பவர்கள் அதே அதிகாரத்தையே காட்டுவார்கள்: மோசே கடவுளின் கட்டளையை நிறைவேற்றியவர், அவரைப் பற்றி விவாதிப்பது தகாது என்று மாக்கியவெல்லியே எழுதியிருக்கிறார், ஆகவே மோசேயைச் சேர்த்தது வெறும் கிண்டல் என்பார்கள். கிண்டலாக இருந்திருந்தால் அதோடு நின்றிருக்கும். நூலின் கடைசி அதிகாரத்தில் இத்தாலியை மீட்க வருபவனுக்கு முன்மாதிரி தேடும்போதும் மோசேயிடமே திரும்புகிறார். லிவியின் வரலாற்றுக்கு எழுதிய 'உரைகள்' நூலின் மூன்றாம் பகுதியில், வேதாகமத்தைக் கூர்ந்து படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு என்கிறார்: தம் சட்டங்கள் நிலைக்க வேண்டி, பொறாமையால் எதிர்த்த எண்ணற்றோரை மோசே கொல்ல வேண்டியதாயிற்று. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய நாளில் லேவியர் வாளால் வெட்டியவர்கள் சுமார் 3000 பேர் என்கிறது யாத்திராகமம். அதையும் ரோமாபுரியின் சரித்திரத்தைப் போலவே அவர் படித்தார். 'உரைகள்' நூலின் அதே இடத்தில் சவொனரோலாவும் வருகிறார்: எதிரிகளை ஒடுக்கும் தேவை அவருக்குத் தெரிந்தே இருந்தது, அதற்கான அதிகாரம்தான் இல்லை. இளமையில் பொய்யர் என்றவரைப் பற்றி, இப்படிப்பட்ட மனிதரை மரியாதையோடுதான் பேச வேண்டும் என்றும் இந்நூலில் எழுதுகிறார். அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 3000 பேரின் சாவை நியாயப்படுத்தும் வாசிப்பு எந்தக் கொடுங்கோலனுக்கும் கைகொடுக்காதா? கைகொடுக்கும், அந்த அபாயத்தை மறைக்க முடியாது. ஆனால் எல்லை ஒன்றையும் மாக்கியவெல்லி வகுத்தார். 'உரைகள்' நூலின் முதல் பகுதியில் மோசேயை லைகர்கஸ், சோலோன் ஆகியோரோடு சேர்க்கிறார்: தனி அதிகாரம் கையில் இருந்ததால்தான் பொதுநன்மைக்கான சட்டங்களை அவர்களால் வகுக்க முடிந்தது. அப்படிப்பட்டவன் அதிகாரத்தை வாரிசுக்கு விட்டுச்செல்லக் கூடாது என்றும், அவன் நிறுவியதைக் காக்கும் பொறுப்பு பலரிடம் இருந்தால்தான் அது நீடிக்கும் என்றும் அங்கேயே சொல்கிறார். கொடுங்கோலன் ஏற்க மறுப்பது இந்த நிபந்தனையைத்தான்.