சிற்பக் கடையின் ஆங்கிலம்: இரண்டாம் மொழித் திறனை எதைக் கொண்டு அளப்பது?

இரண்டாம் மொழியில் ஒருவர் தேறிவிட்டார் என்று எப்போது சொல்லலாம்? பிழையில்லாமல் எழுதும்போது என்பதே நம் பொதுத்தேர்வுகள் தரும் விடை. மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் 1972இல் வெளிவந்த கட்டுரையில் இலக்கண அறிவு மட்டும் போதாது என்றார். யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்பதும் மொழியறிவுதான். 1980இல் ஆய்வாளர்கள் கனேலும் ஸ்வெய்னும் உத்தித் திறன் என்ற ஒன்றையும் சேர்த்தனர்: சொல் கிடைக்காத இடத்தில் பேச்சு அறுந்துபோகாமல் காப்பது. அவர்களுக்கு அது பெரும்பாலும் குறையை ஈடுகட்டும் வழி. மாமல்லபுரத்துக் கடைத்தெரு அதற்கு மேலான இடத்தைக் கோருகிறது.

ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் மாக்கல் யானை விற்கிறார்கள். உடல் முழுக்க சல்லடைக் கண்கள். வயிற்றுக்குள் ஒரு குட்டி யானை. குட்டியைத் தனியே செய்து நுழைக்கவில்லை, ஒரே கல்லில் குடைந்தது என்று விளக்கும் ஆங்கிலம் கடைக்காரரிடம் இல்லை. “சேம் ஸ்டோன் சார், நோ ஜாயின்ட்” என்பார். வந்தவர் புருவம் சுருங்கினால், செல்போன் விளக்கை உள்ளே அடித்து, குட்டியின் கால் அடிக்கல்லோடு சேரும் இடத்தைக் காட்டுவார். புரிந்துகொண்ட பயணியே அதை முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பார். கடைக்காரர் தலையசைத்து அதை வாங்கிக்கொள்வார். அடுத்து வருபவரிடம் அந்த வாக்கியம் இவர் வாயிலிருந்து வரும். இரண்டாம் மொழி ஆய்வாளர் மைக்கேல் லாங் வாதிட்டதும் இதைத்தான்: புரியாமை எழுந்து, இருவருமாக அதைச் சரிசெய்யும்போது மொழி எளிதில் படிகிறது. அப்படியானால் உத்தி என்பது மொழியறிவு உள்ளே வரும் வாசலே.

இந்தியும் இங்கே இப்படித்தான் வந்தது. 1968 முதல் இருமொழிக் கொள்கை உள்ள மாநிலத்தில், அரசுப் பள்ளியில் படித்தவர்களே வடநாட்டுப் பயணியிடம் இந்தியில் பேரம் பேசுகிறார்கள்.

இதைக் கொண்டாடிவிட்டு நின்றுவிடக் கூடாது. பேச்சைச் சரிசெய்யும் சுமை ஏறத்தாழ முழுவதும் விற்பவர் தலையில்தான்; பயணிக்குப் புரியாவிட்டால் அடுத்த கடை இருக்கிறது. கடலைத் தாண்டி அனுப்பிய சிலை உடைந்துபோனதாக மின்னஞ்சல் வந்தால், கடை ஆங்கிலம் உதவாது. எழுதத் தெரிந்த பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும். எழுத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் இந்த எல்லை உண்டு. இதே மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். தடம் பார்த்துப் பாம்பைப் பிடிக்கக் கண்ணும் கையும் போதும். அந்த அறிவை அங்குள்ளவர்களுக்கு விளக்க மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். கையால் காட்ட முடியாததைப் பேச வேண்டிய இடத்தில் உத்தி தீர்ந்துவிடுகிறது.

எனவே பள்ளியில் இலக்கணத்தைக் குறைக்கச் சொல்வது என் வாதமன்று. வாய்மொழித் தேர்வில் மனப்பாடம் செய்த அறிமுக உரைக்குத் தரும் மதிப்பெண்ணை, கேட்பவர் “புரியவில்லை” என்ற பிறகு மாணவர் என்ன செய்கிறார் என்பதற்குத் தரலாம்.