வயிற்றுக்குள் தங்கிய பஞ்சுத் துணி

1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்சன் என்னும் மருத்துவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். வயிற்றைத் திறந்து அறுவை செய்தபின், மறதியாக உள்ளேயே விடப்பட்ட பொருள்களைப் பற்றியது அது. இத்தகைய தவறு பற்றிய முதல் மருத்துவ அறிக்கையாக இதனையே பலரும் குறிப்பிடுகின்றனர்.

அறுவை மருத்துவம் மிகப் பழமையானது. அப்படியிருக்க, இத்தவறு ஏன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேசப்படலாயிற்று? விடை எளிது. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்தின் பயன் மெய்ப்பிக்கப்பட்டது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு முன், வயிற்றைத் திறக்க மருத்துவர்கள் அஞ்சினர். பின்னரோ, நெடுநேரம் வயிற்றினுள் வேலை செய்ய முடிந்தது. நோயாளியும் பிழைத்தார். உள்ளே ஒரு பொருளை மறந்துவிடும் வாய்ப்பும் இந்த முன்னேற்றத்துடனேயே பிறந்தது.

கடற்பஞ்சும் வலைத்துணியும்

வெட்டிய இடத்தில் இரத்தம் சுரந்துகொண்டே இருக்கும். அதை ஒற்றி எடுக்க முதலில் கடற்பஞ்சைப் பயன்படுத்தினர். பின்னர், பருத்தியாலான காஸ் என்னும் மெல்லிய வலைத்துணி அதன் இடத்தைப் பிடித்தது. மலிவானது, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம். எனினும் அறுவைக்கூடத்தில் பழைய பெயர் மறையவில்லை. இத்துணியை இன்றும் 'ஸ்பாஞ்ச்' என்றே அழைக்கின்றனர்.

ஒரே அறுவையில் பல துண்டுகள் தேவைப்படும். இரத்தத்தில் நனைந்த துண்டு, சுற்றியுள்ள தசையின் நிறத்தையே அடைந்துவிடுகிறது. பல மீட்டர் நீளமுள்ள குடலின் மடிப்புகளுக்கிடையே அது நழுவினால் கண்ணுக்குத் தெரிவது கடினம்.

பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதனைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே உடல் இரண்டு வழிகளில் ஒன்றை மேற்கொள்கிறது. கிருமி இல்லையெனில் துணியைச் சுற்றி நார்த்திசுவாலான உறை அமைக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றிக் கிடக்கலாம். படத்தில் புற்றுக்கட்டி போலத் தோன்றி மருத்துவரை ஏமாற்றலாம். கிருமி இருந்தாலோ விரைவில் சீழ்க்கட்டி உண்டாகிறது. உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

எண்ணுதல் என்னும் காவல்

1909இல் செயின்ட் லூயி நகரத்து மருத்துவர் கிராசன், தனித் துண்டுகளையே பயன்படுத்த வேண்டாம் என்றார். நீண்ட ஒரே துணிப் பட்டையைப் பயன்படுத்தினால், அதன் ஒரு முனை எப்போதும் வெளியே இருக்குமல்லவா? ஆனால் நிலைபெற்றது வேறு வழி. அறுவைக்கு முன்னும், தையல் போடும் முன்னும் துண்டுகளை எண்ணுவதே அது. 1976இல் அமெரிக்க அறுவைக்கூடச் செவிலியர் சங்கம் இதற்கு நெறிமுறைகளை வகுத்தது. 1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிரும் துணைக்கு வந்தது. துணியில் பேரியம் சல்பேட் கலந்த இழையைச் சேர்த்தனர். எக்ஸ் கதிர்ப் படத்தில் அவ்விழை வெண்கோடாகத் தெரியும்.

அப்படியும் தவறு ஒழியவில்லை. 2003இல் அதுல் கவாண்டேயும் அவர்தம் குழுவினரும் 54 நோயாளிகளின் உடலில் தங்கிய 61 பொருள்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 69 விழுக்காடு துணிகள், எஞ்சியவை கருவிகள். அவசர அறுவையில் இவ்வாபத்து ஏறத்தாழ 9 மடங்கு. அறுவையின் நடுவே திட்டம் மாறினால் 4 மடங்கு. எல்லாவற்றிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. எண்ணிப் பார்த்த நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் 'கணக்குச் சரி' என்றே முடிவு செய்திருந்தனர்! பரபரப்பில் எண்ணும் மனிதரும் பிழை செய்வார் என்பதை இது காட்டுகிறது. இதனால் ஒவ்வொரு துண்டிலும் குறியீடு பொறித்து, அதனைக் கருவியால் படித்துக் கணக்கிடும் முறையும் சில மருத்துவமனைகளில் வந்துள்ளது.

33 ஆண்டு வழக்கு

நம் நாட்டிலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 1963இல் மகாராட்டிரத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில், மகப்பேற்றுக்குப் பின் ஒரு பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வயிறு வீங்கி வலித்தது. சில நாள்களில் மீண்டும் திறந்தபோது உள்ளே துணி கிடந்தது. அவர் பிழைக்கவில்லை. குடும்பத்தினர் வழக்குத் தொடர்ந்தனர். கீழ்நீதிமன்றம் 36,000 ரூபாய் இழப்பீடு அளித்தது. உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மீண்டும் நிலைநாட்டியது. உள்ளே துணி கிடந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது. எந்த ஊழியர் தவறினார் என்று சுட்ட முடியாவிட்டாலும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

2008இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி அறுவைக்கூடத்தை விட்டு நீங்கும் முன், கருவி, துணி, ஊசி ஆகியவற்றின் கணக்கு முடிந்ததைச் செவிலியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது அது. கணக்குக் குறைந்தால், எவ்வளவு பெரிய மருத்துவராயினும் செவிலியர் சொல் கேட்டு நின்று தேட வேண்டும். நோயாளியும் ஒன்றை நினைவிற் கொள்க: அறுவைக்குப் பின் காரணமறியாத வலியோ, வீக்கமோ, ஆறாத புண்ணோ இருந்தால், அந்த அறுவை பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததாயினும் மருத்துவரிடம் அதனைத் தவறாமல் கூற வேண்டும்.