ஓக் மரப் பொந்தும் ஒரு பட்டயமும்

சென்னை மாநகராட்சியின் வரலாற்றைப் புரட்டுவோர் முதற்பக்கத்திலேயே ஒரு பெயரைக் காண்பர். 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாநகராட்சி தொடங்கப்பெற்றபோது முதல் மேயராக அமர்ந்தவர் நதேனியல் ஹிக்கின்சன். அவரை ஆங்கிலேயர் என்று சொல்லிச் செல்வது வழக்கம். குலத்தால் அது பொருந்தும். ஆனால் அவர் பிறந்த மண் இங்கிலாந்து அன்று. 1652இல் அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் கில்ஃபர்டு என்னும் சிற்றூரில் பிறந்து, ஹார்வர்டு கல்லூரியில் பயின்று, பின்னரே கடல் கடந்து சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர் அவர். அந்தக் கில்ஃபர்டு இன்று கனெடிகட் மாநிலத்தில் உள்ளது. மாநகராட்சி பிறந்தபோது கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேலுக்கும் அதே மண்ணில் குடும்ப வேர் உண்டு. நம் ஊரின் கதையோடு இவ்வாறு பின்னிக் கிடக்கும் அம்மாநிலத்தின் கதையைச் சற்றே அறிந்துகொள்வது தகும்.

கனெடிகட் என்பது ஓர் ஆற்றின் பெயர். கடலோதம் ஏறி இறங்கும் நீண்ட ஆற்றின் கரை என்பது அந்நாட்டுப் பழங்குடியினர் மொழியில் அதன் பொருள். ஆங்கில எழுத்தில் அச்சொல்லின் நடுவே ஒரு மெய் நிற்கிறது. உச்சரிக்கும்போது அது ஒலிப்பதில்லை. 1614இல் ஆட்ரியன் பிளாக் என்ற டச்சு மாலுமி அவ்வாற்றில் கலம் செலுத்தினார். 1633இல் டச்சுக்காரர் இன்றைய ஹார்ட்ஃபர்டில் ஒரு வணிகக் கோட்டை கட்டினர். அதே ஆண்டில் ஆங்கிலேயரும் வின்சரில் வந்து இறங்கினர். 1636ஆம் ஆண்டுக் கோடையில் தாமஸ் ஹூக்கர் என்ற சமய குரு, மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து நூறு பேர் அளவில் அழைத்துக்கொண்டு, மாட்டு மந்தைகளை ஓட்டியவாறு காட்டு வழியே நடந்து வந்து ஹார்ட்ஃபர்டில் குடியமர்ந்தார். வின்சர், ஹார்ட்ஃபர்டு, வெதர்ஸ்ஃபீல்டு என்னும் மூன்று ஊர்களே அந்நாட்டின் வித்து.

அந்நிலம் ஆளில்லாத நிலம் அன்று. தேம்ஸ் என்று இன்று அழைக்கப்பெறும் ஆற்றின் இரு மருங்கிலும் பீக்வாட் என்னும் குடியினர் வலிமையோடு வாழ்ந்தனர். வணிகப் பூசலும் சில கொலைகளும் பகையாய் மூண்டன. 1637ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் விடியற்பொழுதில், ஜான் மேசன் என்பவரின் தலைமையில் ஆங்கிலேயர், பீக்வாட்டுகளோடு பகைத்திருந்த மொஹிகன், நாரகான்செட் குடியினரைத் துணைக்கொண்டு, மிஸ்டிக் ஆற்றருகே வேலி சூழ்ந்த ஊர் ஒன்றை வளைத்துத் தீயிட்டனர். வெளியே ஓடி வந்தோரைச் சுட்டும் வெட்டியும் வீழ்த்தினர். பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட 400 முதல் 700 பேர் வரை அன்று மடிந்தனர் என்பர். துணைக்கு வந்த பழங்குடியினரே அக்கொடுமையைக் கண்டு திகைத்தனர்.

அதற்கு அடுத்து நிகழ்ந்ததுதான், கோப்புகளோடு நாள் கழிக்கும் என் போன்றோரை உறுத்துவது. 1638 செப்டம்பரில் ஹார்ட்ஃபர்டில் ஓர் உடன்படிக்கை எழுதப்பெற்றது. எஞ்சியிருந்த பீக்வாட்டுகள் வென்ற குடியினருக்குப் பங்கிட்டுத் தரப்பட்டனர். இனி அவர்கள் பீக்வாட் என்று தம்மை அழைத்துக்கொள்ளலாகாது என்றும் அவ்வுடன்படிக்கை விதித்தது. தீக்குத் தப்பியோரின் பெயரைப் பேனா அழிக்க முனைந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஹூக்கர் தம் புகழ்மிக்க சொற்பொழிவை ஆற்றினார். ஆளும் அதிகாரத்தின் அடித்தளம் மக்களின் மனமுவந்த இசைவே என்பது அதன் கருத்து. 1639 ஜனவரி 14ஆம் நாள் மூன்று ஊரினரும் கூடி ஆட்சி விதிகளை எழுதி ஏற்றனர். ஆளுநரை எவ்வாறு தேர்வது, பேரவை எப்போது கூடுவது என்பனவெல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்து மன்னரின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எழுதப்பெற்ற அரசியல் சட்டங்களுள் தங்களுடையதே மூத்தது என்று அம்மாநிலத்தார் பெருமை கொள்வர். 1959 முதல் 'அரசியலமைப்பு மாநிலம்' என்பது அதன் அலுவல்முறைச் சிறப்புப்பெயர். பெருமைக்கு இடமுண்டு. ஆனால் இரண்டு ஆவணங்களுக்கும் இடையே நான்கு மாத இடைவெளியே இருந்தது என்பதையும், இரண்டும் ஒரே மக்கள் எழுதியவை என்பதையும் நான் மறக்க இயலவில்லை.

1662இல் ஜான் வின்த்ராப் என்ற ஆளுநர் லண்டன் சென்று, இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் ஒரு பட்டயம் பெற்று வந்தார். தம் ஆளுநரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை அது அளித்தது. மேற்கெல்லையைப் பசிபிக் கடல் வரை நீட்டியது! பேனாவுக்கு அன்று அவ்வளவு தாராளம். அதுவரை தனித்திருந்த நியூ ஹேவன் குடியேற்றமும் அப்பட்டயத்துக்குள் அடங்கிற்று. அந்த நியூ ஹேவனின் முதல் ஆளுநர் தியோஃபிலஸ் ஈட்டன், எலிஹு யேலின் தந்தைக்கு மாற்றாந்தந்தை.

அடுத்து வந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்குக் குடியேற்றங்களின் தன்னுரிமை பிடிக்கவில்லை. அனைத்தையும் ஒரே ஆட்சியில் இணைக்க எட்மண்ட் ஆண்ட்ரோஸை அனுப்பினார். 1687ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் படைவீரர் சூழ ஹார்ட்ஃபர்டு வந்த அவர் பட்டயத்தைக் கேட்டார். பேச்சு நீண்டு இருட்டிவிட்டது, மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. பட்டயம் மேசைமீது கிடந்தது. திடீரென்று விளக்குகள் அணைந்தன. மீண்டும் ஏற்றியபோது பட்டயத்தைக் காணோம். ஜோசப் வாட்ஸ்வொர்த் என்பவர் அதை எடுத்துச் சென்று ஒரு பெரிய ஓக் மரத்தின் பொந்தில் ஒளித்தார் என்பது வழிவழி வந்த கதை. கதையில் கற்பனை கலந்திருக்கலாம். ஆண்ட்ரோஸ் ஆட்சியை எடுத்துக்கொண்டதும் உண்மை. எனினும் 1689இல் அவர் வீழ்ந்தபோது, பட்டயம் முறைப்படி ஒப்படைக்கப்படவுமில்லை, வழக்காடி நீக்கப்படவுமில்லை என்ற வாதம் நின்றது. அதே பட்டயத்தின்கீழ் 1818 வரை அந்நாடு ஆளப்பட்டது. ஓக் மரம் 1856ஆம் ஆண்டு ஆகஸ்டுப் புயலில் சாய்ந்தது. 1999இல் வெளியிடப்பட்ட கால் டாலர் நாணயத்தில் அம்மரம் பொறிக்கப்பட்டது.

இனிச் சென்னையைப் பாருங்கள். அதே 1687இல் எலிஹு யேல் ஆளுநரானார். 1672இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் அடி வைத்தவர் அவர். நம் குமாஸ்தா இனத்தில் அத்தனை உயரம் ஏறியவர் மிகச் சிலரே. அவ்வாண்டு டிசம்பரில், கனெடிகட்டின் பட்டயத்தைப் பறிக்க ஆளனுப்பிய அதே ஜேம்ஸ் மன்னரின் ஒப்புதலோடு, கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாநகராட்சிக்குப் பட்டயம் எழுதியது. ஒரு கையால் பிடுங்கி மறு கையால் கொடுத்தார் எனலாம். அப்பட்டயத்தால் பதவி பெற்றவர் கனெடிகட்டில் பிறந்த ஹிக்கின்சன். முறைகேட்டுப் புகார்களால் யேல் 1692இல் நீக்கப்பட, ஆளுநர் பதவிக்கும் ஹிக்கின்சனே வந்தார்.

பாஸ்டனில் பிறந்து மூன்று வயதிலேயே இங்கிலாந்து சென்றுவிட்ட யேல், அமெரிக்காவுக்குத் திரும்பியதே இல்லை. ஆயினும் 1718இல், 1701இல் தோன்றி நியூ ஹேவனில் வந்து நிலைகொண்டிருந்த ஓர் ஏழைக் கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பினார். மஸ்லின், காலிகோ முதலிய துணிகள் அச்சரக்கில் இருந்தன. விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அச்செல்வம் விளைந்த இடம் சென்னைத் துறைமுகம். அவர் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர்; 1688இல்தான் அந்த ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கோரியது.

விடுதலைப் போருக்குப் பின் 1787இல் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில், பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் மோதிக்கொண்டபோது வழி கண்டவர் கனெடிகட்டின் ரோஜர் ஷெர்மன். ஓர் அவையில் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள், மற்றதில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் என்பது அவர் வழங்கிய தீர்வு. நம் மாநிலங்களவை அவ்வாறு அமையவில்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடங்களும் நாகாலாந்துக்கு ஒன்றும் என்பதை வாசகர் அறிவர்.

அடிமைமுறையைக் கனெடிகட் 1784இல் படிப்படியாக ஒழிக்கத் தொடங்கி 1848இல்தான் முடித்தது. பட்டயத்துக்கு மாற்றாக 1818இல் எழுதப்பெற்ற அரசியல் சட்டம் வாக்குரிமையை வெள்ளை ஆடவர்க்கே என்று வரையறுத்தது. 1831இல் நியூ ஹேவனில் கறுப்பினத்தவர்க்கு ஒரு கல்லூரி அமைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, ஊர்க்கூட்டத்தில் எதிர்த்தோர் எழுநூறு பேர் அளவில், ஆதரித்தோர் நால்வர். கான்டர்பரி என்ற ஊரில் பள்ளி நடத்திய புரூடன்ஸ் கிராண்டல் அம்மையார், சாரா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளையர் தம் பிள்ளைகளை நிறுத்தினர். அவர் தளரவில்லை, 1833 ஏப்ரலில் கறுப்பினப் பெண்களுக்காகவே பள்ளியைத் திறந்தார். மே மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: வெளிமாநிலத்துக் கறுப்பினத்தாருக்கு ஊராரின் இசைவின்றிப் பள்ளி நடத்தலாகாது. பிழைப்பு நாடி மாநிலம் விட்டு வந்து, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தேடி அலைந்த நமக்கு இச்சட்டத்தின் சொற்கள் புதியனவாய்த் தோன்றா. அம்மையார் ஓரிரவு சிறையில் கிடந்தார். கிணற்றில் அழுக்கைக் கொட்டினர். கடைக்காரர் பொருள் தர மறுத்தனர். 1834 செப்டம்பரில் ஓர் இரவு கும்பலொன்று சன்னல்களை நொறுக்கவே, மாணவியரின் உயிருக்கஞ்சிப் பள்ளியை மூடினார். சட்டம் 1838இல் நீக்கப்பட்டது. கான்சஸில் வறுமையோடு முதுமையைக் கழித்த அவருக்கு 1886இல் அதே சட்டமன்றம் ஆண்டுக்கு 400 டாலர் ஓய்வூதியம் வழங்கியது.

கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலை, ஹார்ட்ஃபர்டின் காப்பீட்டு நிறுவனங்கள் என்று பின்னர் வளர்ந்த செல்வத்தை யாவரும் அறிவர். அதனை விரிக்கப் புகவில்லை.

பீக்வாட்டுகள் என்ன ஆயினர்? 1666இல் மஷான்டக்கெட் என்னுமிடத்தில் அவர்களுக்குக் காட்டுநிலம் ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதுவும் சுருங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கு எஞ்சியவர் சிலரே. எலிசபெத் ஜார்ஜ் என்ற மூதாட்டி 1973இல் மறையும் வரை அந்நிலத்தைவிட்டு அகலவில்லை. அவருக்குப் பின் சிதறிய உறவினர் மெல்லத் திரும்பி வந்து, இழந்த நிலத்துக்காக வழக்குத் தொடுத்தனர். 1983ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அவர்களைத் தனிக்குடியாக ஏற்று அமெரிக்கப் பேரவையின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹார்ட்ஃபர்டு உடன்படிக்கை 345 ஆண்டுகளுக்கு முன் தடைசெய்த பெயர் அச்சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.