அரண்மனைச் சுவரிலிருந்து அங்காடிக்கு

நேயர்களுள் சிலர் தம் பாட்டனார் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட பழைய லட்சுமி படம் ஒன்றைக் கண்டிருக்கலாம். தேவியின் சேலைமீது சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அழகு செய்திருப்பர். படத்தின் மூலம் வரையப்பட்டது துணிமேல், எண்ணெய் வண்ணத்தில். அது காகிதமாகி நம் வீட்டுச் சுவரை அடைந்த கதை பம்பாய் நகரத்தோடு தொடர்புடையது.

1848-இல் கிளிமானூரில் பிறந்தவர் ரவிவர்மா. திருவிதாங்கூர் அரசவை ஓவியராயிருந்த மதுரை ராமஸ்வாமி நாயக்கர் எண்ணெய் வண்ண வித்தையைக் கற்பிக்க மறுத்தார் என்றும், அவர் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறுவர். 1873-இல் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னாவிலும் அவருக்குப் பரிசுகள் கிடைத்தன. பின்னர்ப் பரோடா மன்னருக்காகப் புராணக் காட்சிகள் பதினான்கு வரைந்தார். ஆயினும் அரண்மனைச் சுவரில் தொங்கும் சித்திரத்தைக் குடியானவன் எங்ஙனம் காண்பான்?

இதற்கு வழி கூறியவர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்த சர் டி. மாதவராவ். தேர்ந்தெடுத்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் பிரதிகள் அச்சிடச் செய்யலாம் என்று 1880-களில் ஓவியருக்குக் கடிதம் எழுதினார். ரவிவர்மா அதற்கும் ஒருபடி மேலே சென்றார். ஜெர்மன் இயந்திரங்களையும் தொழில் வல்லுநரையும் தருவித்து, 1894-இல் பம்பாய் கிர்காமில் சொந்த அச்சுக்கூடமே நிறுவினார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம்.

அந்நாளைய கல்லச்சு முறை பொறுமையைச் சோதிப்பது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். மூலப்படத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து, கற்களின்மேல் இடவல மாறி வரைதல் வேண்டும். ஒரே காகிதம் ஒவ்வொரு கல்லிலும் மயிரிழை பிசகாமல் அழுந்தி எழ வேண்டும். இறுதியில் எண்ணெய் ஓவியம்போல் பளபளக்க மெருகெண்ணெய் பூசுவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அக்கல்லில் வரைந்தவர்மீது தனிப் பரிவு உண்டு. அவர் கைவண்ணம் நாடெங்கும் பரவிற்று, பெயர் பரவவில்லை.

படங்கள் சந்தைகளிலும் திருத்தலக் கடைவீதிகளிலும் விலைபோயின. எனினும் அச்சுக்கூடம் ஓவியருக்குச் செல்வம் சேர்க்கவில்லை. கடனும் கவலையுமே மிஞ்சின. 1896 முதல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. அச்சுக்கூடம் லோனாவ்ளாவை அடுத்த மளவ்லிக்கு மாறிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனையும், படங்களை அச்சிடும் உரிமையையும், ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். 1906-இல் ரவிவர்மா காலமான பின்னரும் அவர் பெயரால் படங்கள் வெளிவந்துகொண்டே இருந்தன. பிறரும் அவற்றைப் பார்த்து வரைந்து விற்றனர். நாட்காட்டிகளிலும் விளம்பரங்களிலும் அவ்வுருவங்கள் புகுந்தன. (1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்த பால்கே இவ்வச்சுக்கூடத்தில் பணிபுரிந்தவரே.)

இன்று தனித்து இயங்கும் ஓவியர்க்குக் கல்லும் வேண்டா, ஜெர்மன் இயந்திரமும் வேண்டா. கூர்காவோனில் ஒற்றை அறையில் வரையும் தமிழ் இளைஞர் ஒருவர், கைப்பேசியால் படமெடுத்து இணையத்தில் வைத்தால், அடுத்த நொடியே தஞ்சாவூரிலும் டொரண்டோவிலும் காணலாம். ரவிவர்மா செலவிட்ட பொருளோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இலவசம். அவர் எதிர்கொண்ட மற்றொரு சங்கடம் மட்டும் அப்படியே நிற்கிறது. இணையத்தில் படம் கைமாறும்போது ஓவியர் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. முகமறியாத ஒருவர் அதனைச் சட்டையில் அச்சிட்டு விற்கிறார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஓவியருக்கு வாழ்நாளும், அதன்பின் அறுபது ஆண்டும் உரிமை அளிக்கிறது. ஆனால் வழக்காடும் வசதி எத்தனை பேருக்கு உண்டு?

மளவ்லி அச்சுக்கூடம் 1972-இல் தீக்கிரையாயிற்று. அங்கு அச்சான காகிதங்கள் இன்றும் பல வீடுகளில் தொங்குகின்றன. தங்கள் வீட்டுப் படத்தின் அடிவிளிம்பை உற்றுப் பாருங்கள். அச்சுக்கூடத்தின் பெயர் சிறு எழுத்துகளில் இருக்கக்கூடும்.