பேருந்தும் ரயிலும் பெருகினால் நெரிசல் குறையுமா? - சில வாதங்கள்

நகர நெரிசலைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் "பொதுப் போக்குவரத்தை நன்றாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற இடத்தில் வந்து நிற்பது வழக்கம். எதிர்த்தரப்பும் அதே உறுதியோடு பேசும். "மெட்ரோ வந்த பிறகும் அண்ணா சாலை அப்படியேதானே இருக்கிறது?" என்று என் சென்னை நண்பர்கள் கேட்கிறார்கள். நான் போக்குவரத்து நிபுணன் அல்ல. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பொறியியல் முதுகலையில் வரிசைக் கோட்பாடு என்றொரு பாடத்தை வேண்டாவெறுப்பாகப் படித்ததும், பதினோரு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கார் இல்லாமல் காலம் தள்ளுவதும்தான் இதை எழுத எனக்குள்ள தகுதி. பல ஆயிரம் கோடி ரூபாய் செலவாகும் விஷயம் என்பதால், வாதங்களைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பதில் தவறில்லை.

முதலாவது இடக்கணக்கு. தடையில்லாத நெடுஞ்சாலையின் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2000 கார்கள் போகலாம். காருக்கு ஒன்றரை ஆள் என்று தாராளமாக வைத்தாலும் 3000 பேர். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் 60 பேர் என்றால் 3600 பேர். தடத்தின் பெரும்பகுதி அப்போதும் காலியாகவே இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 1000 பேரோடு வரும் ரயில் மணிக்கு 30,000 பேரைக் கொண்டு செல்லும். இந்தக் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் எத்தனை பேரைக் கொண்டு செல்ல முடியும் என்றுதான் இது சொல்கிறது. எத்தனை கார்கள் சாலையைவிட்டுப் போகும் என்று சொல்லவில்லை. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்.

ஏன் ஒன்றல்ல என்பதை ஆண்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962-லேயே எழுதிவிட்டார். நெரிசல் நேரத்தில் சாலையில் இருப்பவர்கள் மட்டும் அந்தச் சாலையின் வாடிக்கையாளர்கள் அல்ல. நெரிசலுக்குப் பயந்து காலை ஆறு மணிக்கே கிளம்புகிறவர், சுற்றுவழியில் போகிறவர், பயணத்தையே தவிர்ப்பவர் என்று ஒரு கூட்டம் வெளியே காத்திருக்கிறது. நீங்கள் ரயிலுக்கு மாறினால் காலியாகும் உங்கள் இடத்தில் அவர்களில் ஒருவர் வந்து அமர்கிறார். புதிய சாலை போட்டாலும் இதே கதைதான்.

ஜில் டுராண்டன், மேத்யூ டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் புள்ளிவிவரங்களை வைத்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெடுஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. பொதுப் போக்குவரத்தைக் கூட்டியதாலும் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரம் குறையவில்லை என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. மேம்பாலத்தை எதிர்ப்பவர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். மெட்ரோவை எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும். முழுக் கட்டுரையையும் காட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்படியானால் பொதுப் போக்குவரத்து நெரிசலைத் தொடுவதே இல்லையா? இதற்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விடை கிடைத்தது. 2003 அக்டோபரில் அங்கே பேருந்து, ரயில் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 35 நாட்கள் நீடித்தது. கார் நகரமான அங்கே பயணங்களில் மிகச் சிறிய பங்கே பேருந்திலும் ரயிலிலும் நடக்கிறது. ஆகவே அவை நின்றால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கத் தோன்றும். மைக்கேல் ஆண்டர்சன் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாட்களில் நெடுஞ்சாலைகளில் சராசரித் தாமதம் 47 சதவீதம் கூடியது.

இங்கேதான் நான் வெறுத்த அந்தப் பாடம் உதவுகிறது. வரிசை நிரம்பும் நிலையில் இருக்கும்போது, நூற்றுக்கு ஐந்து பேர் கூடினாலோ குறைந்தாலோ காத்திருக்கும் நேரம் பல மடங்கு மாறும். சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் காலை நேரப் பேருந்தில் போகிறவர்களுக்கு இதற்குச் சூத்திரம் தேவையில்லை. பேருந்தில் போகிறவர்கள் நகரம் முழுதும் சீராகப் பரவியவர்களும் அல்ல. மிக நெரிசலான வழித்தடங்களில்தான் அவர்கள் குவிந்திருக்கிறார்கள்.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுவது போலத் தோன்றும். என் கணிப்பில் முரண் இல்லை. 35 நாட்களில் யாரும் வீடு மாற்றுவதில்லை, வேலை மாற்றுவதில்லை. பல ஆண்டுகளில் மாற்றுகிறார்கள். பொதுப் போக்குவரத்தை எடுத்துவிட்டால் நகரம் உடனே திணறும். கூட்டிக்கொண்டே போனாலோ காலியான இடம் மெல்ல மெல்ல நிரம்பிவிடும். அண்ணா சாலை அப்படியே இருப்பது மெட்ரோ தோற்றதற்குச் சாட்சி ஆகாது. அதே நெரிசலுக்கு அடியில் இன்னும் எத்தனை பேர் கூடுதலாகப் போய்வருகிறார்கள் என்று எண்ணியாக வேண்டும்.

காலியான இடம் நிரம்பாமல் காக்க ஒரு வழியைத்தான் நகரங்கள் கண்டிருக்கின்றன. அது யாருக்கும் பிடிக்காத வழி - விலை. ஸ்டாக்ஹோமில் இது ஏறக்குறைய ஆய்வுக்கூடச் சோதனை போலவே நடந்தது. 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். கார் போக்குவரத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2006 ஜனவரி 3 அன்று நகர மையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் கட்டணம் வைத்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை இறுதியில் சோதனை முடிந்து கட்டணத்தை எடுத்ததும் வண்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கியதும் மறுபடி குறைந்தன. போட்டால் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது - இதைவிடத் தெளிவாக ஓர் ஊர் பதில் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் இதை 1975-லேயே செய்துவிட்டது. நம்மவர்கள் இங்கே வந்து இறங்கியதும் "ரயில் இருப்பதால் ஊர் நெரிசலில்லாமல் இருக்கிறது" என்று வியக்கிறார்கள். வரிசை தலைகீழானது. அந்த ஆண்டு ஜூன் 2 முதல், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் வரும் கார்களில் நான்கு பேருக்குக் குறைவாக இருந்தால் நாளுக்கு 3 வெள்ளி கட்ட வேண்டும். 25 முதல் 30 சதவீதம் குறைந்தால் போதும் என்று திட்டமிட்டார்கள். 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. முதல் பெருவிரைவு ரயில் ஓடியது 1987 நவம்பரில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! அதுவரை ஊரைச் சுமந்தது பேருந்துதான். ரயில் வேண்டாம், பேருந்தே போதும் என்று ஹார்வர்டு குழுவொன்று 1980-ல் வாதாடியதும் உண்டு. 1982-ல் அரசு ரயில் பக்கம் முடிவெடுத்தது.

எல்லாம் நினைத்தபடி நடந்ததாகவும் எண்ணிவிடக் கூடாது. மையத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வரட்டும் என்று பெரிய நிறுத்துமிடங்கள் கட்டினார்கள். அவை காற்று வாங்கின. காலையில் குறைந்தால் மாலையிலும் தானே குறையும் என்று நம்பினார்கள், குறையவில்லை. 1989-ல் மாலைக்கும் கட்டணம் வந்தது. பிறகு 1990-ல் கார் வாங்கவே ஏலத்தில் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்றாயிற்று. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனது. பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் ஒரு காகிதத்துக்கு! நான் கார் வாங்காததைக் கொள்கை என்று சொல்லிக்கொள்கிறேன். மனைவி வேறு பெயர் சொல்கிறாள்.

இலவசப் பயணம் என்ற வாதத்தையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். எஸ்தோனியாவின் டாலின் நகரம் 2013 முதல் உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. புதிதாகப் பேருந்தில் ஏறியவர்களில் கணிசமானோர் முன்பு நடந்து போனவர்கள். ஏழைக்கு உதவி என்ற முறையில் நல்ல திட்டம். நெரிசலுக்கு மருந்து என்று விற்பதுதான் தவறு.

மேலே சொன்னதெல்லாம் கார்களின் கதை. சென்னைக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது, ஏனென்றால் அங்கே போட்டி இருசக்கர வண்டியோடு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால், பத்துக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். கணவனும் மனைவியும் போனாலும் அதே 20. 2021-ல் குறைத்த பிறகும் அந்தத் தூரத்துக்கு மெட்ரோவில் தலைக்கு 30 ரூபாய், இருவருக்கு 60; நிலையம்வரை போகும் ஆட்டோ தனி. சேர்ந்த இடத்தில் ஸ்கூட்டரைப் பெரும்பாலும் காசில்லாமல் நடைபாதையிலேயே நிறுத்தலாம். அந்த நடைபாதையில்தான் பேருந்துக்குக் காத்திருப்பவர் நிற்க வேண்டும். நுழைவுக் கட்டணத்துக்குக் கேமராவும் கணினியும் வாங்குவதற்கு முன்னால், நிறுத்துவதற்குக் காசு வாங்கலாம்; பேருந்துக்கு ஒரு தடத்தைக் கோடு போட்டு ஒதுக்கலாம். இரண்டுக்கும் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை.